அப்பாவின் சாகாவில் ஒரு சிறு திரை



பழைய மகிழுந்தைப் பேணி வருவோரிடம் பேசிப் பாருங்கள். இயந்திரத்தை முழுவதும் பிரித்துத் தரையில் பரப்பச் சொன்னாலும் அஞ்சமாட்டார்கள். முகப்புப் பலகையில் ஓர் ஓட்டை போடலாமா என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். கடந்த இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்த வாதங்கள் எல்லாம் அந்த ஓர் ஓட்டையைப் பற்றியவைதாம்!

எங்களுடையது 1986-ஆம் ஆண்டின் புரோட்டோன் சாகா, 1.3 லிட்டர். அப்பா புதிதாக வாங்கியது. மலேசிய வாசகர்களுக்குச் சாகாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் படிக்கும் அன்பர்களுக்காக ஒரு வரி: நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்து அது. மிட்சுபிசி நிறுவனத்தின் லான்சர் பியோரேயை அடிப்படையாகக் கொண்டு உருவாகி, 1985 ஜூலை 9-இல் அறிமுகமானது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தார். அந்தக் காட்சியைப் பார்த்த அன்றே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டதாக அப்பா இன்றும் சொல்வார்.

இப்போது அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. மாதம் இருமுறை ஜார்ஜ் டவுனில் உள்ள மருத்துவமனைக்கு இதயப் பரிசோதனைக்காகச் செல்ல வேண்டும். பாலிக் புலாவ் என்றாலே ‘தீவின் பின்புறம்’ என்றுதான் பொருள். பெயருக்கேற்ப, நகரத்துக்கும் எங்களுக்கும் நடுவே மலை நிற்கிறது. துன் சார்டோன் சாலையில் ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு. டுரியான் காலத்தில் சாலையோரக் கடைகளில் நிற்கும் வாகனங்கள் வேறு. தெலுக் கும்பார் வழியாகச் சுற்றிப் போனாலும் மேடு தப்பாது. அப்பாவோ தம் சாகாவைத் தவிர வேறு வண்டியில் மருத்துவமனைக்கு வரமாட்டார். “என் வண்டி எனக்குப் பழகின வண்டி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கடந்த மார்ச்சில் ஒரு நண்பகல், அப்பா உள்ளே இருக்க, வளைவு ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி திணறி நின்றுவிட்டது. பின்னால் ஒரு சரக்குந்து. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த மாத்திரைப் புட்டியை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து இயந்திரம் சூடு தணிந்து மீண்டும் உயிர் பெற்றது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் இனி கார்புரேட்டரை நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கார்புரேட்டர் குறையுள்ள கருவி என்று நான் சொல்லவரவில்லை. ஒரு சிறு கிண்ணத்தில் பெட்ரோலைத் தேக்கி, இயந்திரம் இழுக்கும் காற்றின் வேகத்தாலேயே அதை உறிஞ்சிக் கலக்கும் அழகான கண்டுபிடிப்பு அது. ஆனால், செங்குத்தான வளைவில் கிண்ணம் சாய்கிறது. எண்ணெய் மட்டம் மாறுகிறது. நம் ஊர் வெயிலில், மெதுவாக ஏறும்போது, கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிக் கொதிக்கவும் கூடும். எரிபொருள் உட்செலுத்து முறையில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. மின் விசையியக்கி எரிபொருளை அதிக அழுத்தத்தில் தள்ளுகிறது. எவ்வளவு தெளிப்பது என்பதைச் சிறு கணினி ஒன்று முடிவு செய்கிறது. புகைபோக்கியில் பொருத்திய உயிர்வளி உணரி, கலவை சரியா தவறா என்று அக்கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலுக்குச் சரியான கணக்கு, ஒரு பங்கு எரிபொருளுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. அதற்கு மேல் போனால் கலவை மெலிவு. கீழே வந்தால் செறிவு. மலையேறும்போது சற்றுச் செறிவாக, 13-க்கு அருகில் இருப்பது நல்லது.

கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும்படி செய்யப்பட்ட உட்செலுத்திகள் இப்போது கிடைக்கின்றன. அத்தகைய ஒன்றைத் தருவித்துப் பட்டறையில் பொருத்தினோம். அதனோடு வந்ததுதான் இந்தக் கட்டுரையின் நாயகன்: மூன்றரை அங்குலத் தொடுதிரை. முதன்முதலில் இயந்திரத்தின் கொள்ளளவு எவ்வளவு, உருளைகள் எத்தனை என்றெல்லாம் அதில்தான் தெரிவிக்க வேண்டும். பிறகு சுழற்சி வேகம், நீரின் வெப்பம், மின்கல அழுத்தம், காற்று-எரிபொருள் கலவை ஆகியவற்றை அது எண்களாகக் காட்டும். நினைவட்டையில் பதிந்தும் வைக்கும்.

சரி, இதை எங்கே வைப்பது?

சிக்கல் புதியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உட்செலுத்து முறை பழையது, திரைதான் புதியது. 1954-இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல், இயந்திர விசையால் இயங்கும் உட்செலுத்தியோடு வந்தது. 1967-இல் போல்க்ஸ்வாகன் 1600, போஷ் நிறுவனத்தின் மின்னணு உட்செலுத்தியோடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவின் அம்பாசடர்கூட 2014-இல் உற்பத்தி நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே உட்செலுத்து முறைக்கு மாறிவிட்டது. 2008-இல் வந்த இரண்டாம் தலைமுறைச் சாகாவிலும் அதுதான். இவற்றுள் எதிலும் காற்று எத்தனை பங்கு, எரிபொருள் எத்தனை பங்கு என்று ஓட்டுநருக்கு எவரும் காட்டியதில்லை. ஓட்டுநரும் கேட்டதில்லை. ஆகவே, இந்தத் திரைக்கென்று வடிவமைப்பாளர் எவரும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கவில்லை. நாமேதான் தேட வேண்டும்.

என் மகன் சொன்ன இடம், ஸ்டீரிங்குக்கு நேர் மேலே, கண்ணாடியோரம். பந்தய வண்டி போல இருக்குமாம்! உறிஞ்சுகிண்ணம் வைத்து ஒட்டியும் காட்டினான். மறுநாள் நண்பகல் வெயிலில் கிண்ணம் தளர்ந்து, திரை கால்மிதியடியில் கிடந்தது. பூட்டி நிறுத்திய மகிழுந்தின் முகப்புப் பலகை நேரடி வெயிலில் 60, 70 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறும். படிகத் திரைக்கு அது ஆகாது. முதலில் கறுக்கும், பிறகு கெடும். தெருவில் போவோர் கண்ணில் படும் இடத்தில் மின்கருவியை வைத்துவிட்டுச் சந்தைக்குள் நுழைவது இன்னொரு வகைத் துணிச்சல்.

எனக்கு வேறோர் அச்சமும் இருந்தது. வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவருக்குக் கொடுக்கும் கணக்குதான் இது: 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 2 நொடியில் எவ்வளவு தொலைவு போகும்? ஏறக்குறைய 22 மீட்டர். துன் சார்டோன் சாலையின் வளைவு ஒன்றில் 22 மீட்டர் தூரம் சாலையைப் பாராமல் எண்ணைப் பார்ப்பது எந்த வகையில் நியாயம்? அதிலும் மாறிக்கொண்டே இருக்கும் எண் கண்ணைப் பிடித்து இழுக்கும் இயல்புடையது. 14.2, 14.9, 13.8 என்று ஆடும்போது பார்க்காமல் இருப்பது கடினம்.

பட்டறை முதலாளியான சீன அங்கிள், வானொலியைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் திரையைப் பதித்துவிடலாம் என்றார். அளவு கொஞ்சம் போதாது, ஓரத்தை அரத்தால் தேய்த்தால் போதும் என்றும் சொன்னார். அவருடைய கைவேலை நேர்த்தியானது. செய்தால் அழகாகவே இருந்திருக்கும். அப்பா அப்போது ஒரு முக்காலியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். “ஓட்டை மட்டும் போட்டுடாதேய்யா” என்றார். அவ்வளவுதான்.

அப்பாவின் பேச்சில் பிடிவாதம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2008 ஜூலை 7-இல் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, பழைய கடைவீடுகளைச் சீரமைப்போர் ஒரு நெறியைப் பற்றி அடிக்கடி பேசக் கேட்டிருக்கிறோம். புதியது எதைச் சேர்த்தாலும், நாளை அதை எடுத்துவிட்டால் பழையது பழையபடி இருக்க வேண்டும். மின்விளக்கு வேண்டும், குளிரூட்டி வேண்டும். ஆனால் குளிரூட்டிப் பெட்டியை வீட்டின் முகத்தில் தொங்கவிடுவதை மரபுக் காப்பாளர் விரும்பமாட்டார். எங்கள் சாகா கடைவீடு அன்று. ஆயினும் அந்த நெறி அதற்கும் பொருந்துகிறது. கழற்றிய கார்புரேட்டரை எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். திருகாணிகளோடு திரும்ப மாட்டினால் இயந்திரம் 1986-க்குத் திரும்பிவிடும். அரத்தால் தேய்த்த முகப்புப் பலகை எங்கே திரும்பும்?

சாம்பல் கிண்ணப் பள்ளத்தையும் எண்ணிப் பார்த்தேன். பழைய வண்டிக்காரர்கள் பலரும் நாடும் இடம் அது. வீட்டில் எவரும் புகைப்பதில்லை என்பதால் வீணாகத்தான் கிடக்கிறது. ஆனால் கியர் மாற்றும் கைக்குக் கீழே, கண்ணுக்கு வெகு தாழ்வில் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் தலையே குனிய வேண்டும். விட்டுவிட்டேன்.

என் மனைவிதான் அடிப்படைக் கேள்வியைக் கேட்டாள். “இந்தத் திரை இல்லாவிட்டால் வண்டி ஓடாதா?” ஓடும்! அமைவுகளைக் கொடுத்து முடித்த பின் திரையின் இணைப்பைக் கழற்றிவிட்டாலும் கணினி தன் வேலையைத் தானே செய்யும். கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அப்படியானால் வீட்டில் வைத்துவிடலாமே என்றாள். நியாயந்தான். ஆனால் புதிதாகப் பொருத்திய கருவி முதல் சில மாதங்கள் கற்றுக்கொண்டிருக்கும் காலம். மேட்டில் கலவை மெலிகிறதா, நீரின் வெப்பம் எல்லை மீறுகிறதா என்று எவரேனும் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. அந்த ‘எவரேனும்’ ஓட்டுநராக இருக்க வேண்டுமா என்பதுதான் எஞ்சி நின்ற கேள்வி.

விடை இடப்பக்கத்தில் இருந்தது. முன் இருக்கையில் பயணிக்கு எதிரே உள்ள பெட்டியின் கதவைத் திறந்தால், அது ஒரு சிறு பலகை போல நிற்கும். திரையின் முதுகில் ஒட்டுப்பட்டை வைத்து, பெட்டிக்குள்ளேயே சாய்வாக நிறுத்தினோம். கம்பியை, முன்பே இருந்த இடைவெளி வழியாகப் பலகைக்குப் பின்னால் இழுத்துக் கட்டினோம். கதவை மூடினால் 1986. திறந்தால் இன்றைய நாள். நேரடி வெயில் படுவதில்லை. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. எனக்கும் தெரிவதில்லை, அதுதான் சிறப்பு. நான் தனியே செல்லும் நாளில் கதவு மூடியே இருக்கும். மாலையில் நினைவட்டையைக் கழற்றி வந்து கணினியில் பார்த்துக்கொள்வேன்.

மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கதவைத் திறப்பவர் அப்பா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்வார். கலவை 15.5-ஐத் தாண்டினால் அல்லது வெப்பம் 100-ஐத் தொட்டால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றையும் சொல்கிறார். “பதிமூணு புள்ளி ஒண்ணு... தொண்ணூத்தி ரெண்டு டிகிரி... நல்லா இருக்கு, போ.” மார்ச்சில் நின்ற அதே வளைவை இதுவரை ஆறு முறை நிற்காமல் கடந்திருக்கிறோம். மாத்திரைப் புட்டி சட்டைப்பையிலேயே இருக்கிறது.

எழுத்துகள் சிறியவையாக இருப்பதாக அப்பா குறைப்பட்டார். அமைவுகளுக்குள் சென்று, இரண்டே எண்கள் பெரிதாகத் தெரியுமாறு நேற்று மாற்றி வைத்தேன். ஒட்டுப்பட்டை எத்தனை மாத வெயிலைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.