அடுத்த மெஷினில் எத்தனை பீஸ்?

திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் யாராவது ஸ்டாப்வாட்சோடு நுழைந்தால் டெய்லர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: டார்கெட் ஏறப்போகிறது. அதனால் எனக்கு வேலை பழக்கும் அக்கா முதலில் பிடுங்கி வைத்துக்கொண்டது என் ஸ்டாப்வாட்சைத்தான். பணிச்சூழலை அளந்து எழுதுவது அவர் தொழில். வெளிச்சம், சத்தம், வெக்கை இவற்றோடு, செய்கிற வேலையில் ஒருவருக்கு எவ்வளவு சொந்த முடிவு இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

கருவியால் அளப்பது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. சத்தம் 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. வெக்கையைக் கணக்கிட, ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 பங்கும் கறுப்பு உருண்டைக்குள் செருகியதற்கு 30 பங்கும் தர வேண்டும். ஃபேன் ஓடினாலும் அயர்ன் டேபிள் பக்கம் ஏன் நிற்க முடியவில்லை என்பதை அந்த உருண்டை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளைப் பார்த்து எழுதுவதில்தான் பாடு. 1930களில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் தொடங்கிவைத்த முறை எங்களுடையது. முன்பே குலுக்கி எடுத்த நேரங்களில், தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனைக் கடந்து நடந்தபடி ஒரு பார்வை: தைக்கிறார், காத்திருக்கிறார், ஊசி மாற்றுகிறார், ஆளில்லை. ஒரு கோடு போட்டுவிட்டு நகர வேண்டும். அக்காவும் நானும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிடுவோம். நூற்றுக்கு 80 ஒத்துப்போனால் எனக்குச் சந்தோஷம், அக்காவுக்கு இல்லை. எல்லோரும் பெரும்பாலும் தைத்துக்கொண்டேதானே இருக்கிறார்கள், பார்க்காமல் குறித்தாலும் 70 ஒத்துப்போகும் என்பார். மிச்சமுள்ள 30இல் 10தான் எங்கள் கண் சம்பாதித்தது. கோஹனின் ‘காப்பா’ என்று புத்தகத்தில் வருவது இந்தக் கணக்குத்தான். மூன்றில் ஒரு பங்கெல்லாம் தேறாது.

சொந்த முடிவை எந்தக் கருவியில் அளப்பது? அமெரிக்கரான ராபர்ட் கராசெக் 1979இல், பளு அதிகம், முடிவெடுக்கும் இடம் குறைவு என்ற சேர்க்கைதான் மனிதரை நோகடிக்கிறது என்று எழுதினார். அதையொட்டி வந்த கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழங்குகிறது. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை வைத்து 1985இல் தொடங்கிய ஆய்வில், ஊழியர் சொன்னதை ஒருபுறமும், அதே வேலைக்கு அதிகாரிகள் போட்ட மதிப்பை மறுபுறமும் வைத்துப் பார்த்தார்கள். எந்தக் கணக்கிலும், முடிவெடுக்கும் இடம் குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதல். அப்படியானால் கேட்டு எழுதினாலே போதாதா என்றேன். “லைனுக்கு வா” என்றார் அக்கா.

ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த பெண்ணிடம், பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டோம்.

“யாரையும் கேக்க வேண்டாங்க. எப்ப வேணாலும் போலாங்க.”

“இன்னிக்கு எப்பம்மா போனீங்க?”

“இன்னும் போகலைங்க. நான் எந்திரிச்சா பேட்லாக் அக்காவுக்குப் பீஸ் இருக்காதுல்லங்க.”

மணி அப்போது மதியச் சாப்பாட்டை நெருங்கிவிட்டது. கேள்வித்தாளில் அவருக்கு முழு மதிப்பெண். “முடியுமா?” என்று கேட்காதே, “கடைசியாக எப்போது?” என்று கேள் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

அக்கா இன்னொன்றும் செய்தார். ஓவர்லாக்குக்கு அடுத்திருந்த பேட்லாக் மெஷின் முன்னால் காத்திருந்த பீஸ்களை எண்ணினார்: 8. அந்தத் தையலுக்குப் பீஸுக்கு அரை நிமிடம். ஆக, ஓவர்லாக் பெண் எழுந்துபோனால் லைன் 4 நிமிடம்தான் தாங்கும். பாத்ரூம் ஷெட்டின் மறுகோடியில். போய்வர ஆகும் நேரத்தை நடந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். யாருடைய மனநிலையும் இதில் கலக்கவில்லை. சூப்பர்வைசர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சும் இல்லை. டஜன் கணக்கில் கட்டிக் கொடுக்கும் பண்டல் முறையில் இந்தக் குவியல் பெரிது. லைனில் பீஸ் தேங்கக் கூடாது என்று ஆலோசகர் வந்து குறைத்துவிட்டுப் போனால், ஒரு விதியும் மாறாமலே டெய்லரின் அவகாசம் சுருங்கிவிடும். நிர்வாகம் அதைத் திறமை என்று எழுதும். நான் இப்போதெல்லாம் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் முதலில் குவியலைத்தான் பார்க்கிறேன்.

ஆனாலும் பெண் சொன்ன பதிலை அடித்துவிட அக்கா விடுவதில்லை. தாளில் ஒரு கட்டத்தில் எண்ணிக்கை, பக்கத்துக் கட்டத்தில் அவர் சொன்னது, சொன்னபடியே. இரண்டும் முரண்படும் இடங்களுக்கு மறுபடி போய்ப் பேச வேண்டும். அப்படித்தான் பீஸ் ரேட்டில் தைக்கும் பவர்டேபிள் டெய்லர் ஒருவரிடம் போனோம். வரவும் போகவும் அவர் இஷ்டம். எங்கள் கணக்கில் அவருக்குத்தான் அவகாசம் அதிகம். கோடு போட்ட தாளைப் பார்த்தால் காலையிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் காசு போய்விடும் என்று சிரித்தார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். புதிதாக ஒன்று போடு என்று ஸ்கேலை என் பக்கம் தள்ளினார் அக்கா.