மூன்றெழுத்தும் மச்சமும்

நண்பர்களே, இது ஒரு போட்டோவின் கதை.

போன வருஷம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வருமானச் சான்றிதழுக்காக அப்பா மூன்று நாள் கூலியை விட்டு அலைந்து வாங்கித் தந்திருந்தார். எல்லாம் தயார். போட்டோ மட்டும் ஏறவில்லை. 'ஜேபிஜி கோப்பு மட்டுமே ஏற்கப்படும்' என்றது திரை. என்னிடம் இருந்தது பிஎன்ஜி. இதென்ன பிரமாதம் என்று கோப்புப் பெயரின் கடைசியில் இருந்த பிஎன்ஜியை அழித்து, ஜேபிஜி என்று அடித்தேன். 'இப்படி மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம், பரவாயில்லையா?' என்று விண்டோஸ் கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். திறந்து பார்த்தால் என் முகம் பளிச்சென்று வந்தது. ஆனால் ஏற்றினால், 'செல்லாத கோப்பு'! நாலு தடவையும் அதே பதில்தான்.

லேபுக்கு ஓடினேன். லேப் அண்ணன் சிரித்தார். "ஏன் தம்பி, பேரை மாத்தினா ஆள் மாறிடுவானா?" என்றபடி கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தார். முதல் பைட் 89. அடுத்த மூன்று பைட்டும் பி, என், ஜி என்ற எழுத்துகள். "உன் டி.சி.யில அங்க அடையாளம்னு மச்சம் போட்டிருக்காங்கல்ல? அது மாதிரிதான் இது."

அன்றுதான் புரிந்தது. 1981இல் எம்எஸ்-டாஸ் வந்தபோது கோப்புப் பெயருக்கு எட்டெழுத்து, புள்ளிக்குப் பின் மூன்றெழுத்து. அந்த வழியில் வந்த விண்டோஸ், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வைத்தே எந்த மென்பொருளைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்கிறது. லினக்ஸில் உள்ள 'ஃபைல்' கட்டளையோ பெயரை நம்பாது. உள்ளே உள்ள பைட்டுகளைப் படிக்கும். இந்த மச்சத்துக்கு 'மேஜிக் நம்பர்' என்று பெயர். ஜேபிஜி என்றால் எஃப்எஃப், டி8. பிஎம்பி என்றால் பி, எம். ஜிஃப் என்றால் ஜிஃப்87ஏ அல்லது ஜிஃப்89ஏ. அவை வந்த ஆண்டுகள் 1987, 1989. ஜிப் கோப்பு பிகே என்று தொடங்கும். அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. நாம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் வேர்டு டாக்எக்ஸ் கோப்பிலும் அதே பிகேதான். உள்ளுக்குள் அதுவும் ஒரு ஜிப்!

என் போட்டோவைக் காட்டிய மென்பொருள் மச்சத்தைப் பார்த்துத் திறந்தது. விண்ணப்பத் தளமும் மச்சத்தைப் பார்த்துத்தான் தள்ளியது. ஏமாந்தவன் நான் மட்டும்தான்.

பெயரை நம்பி உலகமே ஏமாந்ததும் உண்டு. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற வைரஸ் மின்னஞ்சலில் பரவியது. இணைப்பின் பெயரில் 'லவ் லெட்டர்', பிறகு டிஎக்ஸ்டி, அதற்கும் பின்னால் விபிஎஸ். கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் வழக்கம்போல் மறைத்துவிட, வெறும் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். உள்ளே இருந்ததோ நிரல்!

அண்ணன் படத்தை பெயிண்டில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து நிஜமான ஜேபிஜி ஆக்கினார். ஒரே தடவையில் ஏறியது. அப்பாவுக்குப் போன் போட்டேன். "முடிஞ்சுதாப்பா?" என்றார். "முடிஞ்சுதுப்பா" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

நண்பர்களே, நாமும் சீக்கிரமே நம் பெயருக்குப் பின்னால் டி.எம்.இ., டி.இ.இ.இ. என்று புள்ளி வைத்துச் சேர்த்துக்கொள்ளப் போகிறோம். சேர்ப்பது சுலபம். இன்டர்வியூவில் திறந்து பார்ப்பவர்கள் முதல் பைட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்!