முள்ளுக் கத்திரியைத் தேடி இலவம்பாடிக்கு!

அம்மா இருந்தவரை எங்கள் கொல்லையில் முள்ளுக் கத்திரி இருந்தது. அவர் போன பிறகு செடியும் காய்ந்தது. விதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதை ஒரு போகம் நன்றாகக் காய்த்தது. அதிலிருந்தே விதை எடுத்துப் போட்டால், செடிக்குச் செடி வேறு மாதிரி காய்!

அதனால் போன மாதம் வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கமுள்ள இலவம்பாடிக்கு பஸ் ஏறினேன். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்திரியின் ஊர் இது. தண்டு, இலை, காம்பு எங்கும் முள். விரலில் குத்தியதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

வயலில் இருந்த பாட்டி சிரித்தார்.

"நல்ல செடியில ஒரு காயைப் பறிக்காம வுட்டுடணும்மா. மஞ்சளாப் பழுத்ததும் விதையைத் தண்ணியில அலசு. மிதக்கிறதைக் கொட்டிடு. முங்கினதைச் சாம்பல்ல புரட்டி நிழல்ல காய வை."

"பூச்சி வந்தா பாட்டி?"

"நுனி வாடித் தொங்குனா உள்ள புழு இருக்கும். கிள்ளி நசுக்கிடு."

பழுத்த காய் ஒன்றைக் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது எங்கள் மாடியில் நாற்று முளைத்திருக்கிறது. முப்பது நாள் ஆனதும் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

உங்கள் வீட்டில் நாட்டுக் கத்திரி இருக்கிறதா? நல்ல காய் ஒன்றில் இன்றே ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். குழம்புக்கு அவசரமென்றாலும் அதை யாரும் பறிக்கக் கூடாது!