மறுப்புக்கு இடமில்லாத கேள்வி

அயலார் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பதும், வீட்டார் 'வாருங்கள்' என்ற பின்னரே உள்ளே அடியெடுத்து வைப்பதும் நம்மவரிடையே வழிவழியாக வந்த நாகரிகம். நம் கையிலுள்ள தொலைபேசியும் மேசைமீதுள்ள கணிப்பொறியும் இதனைக் கற்கவில்லை. 'புதிய அப்டேட் வந்துள்ளது. இப்பொழுதே நிறுவலாமா, பிறகு நினைவூட்டலாமா?' என்று அவை வினவுகின்றன. 'வேண்டாம்' என்னும் விடைக்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை. மறுப்புக்கு இடந்தராத கேள்வி எங்ஙனம் கேள்வியாகும்?

நம் உம்மா எழுபது வயதைக் கடந்தவர். வளைகுடாவில் பணிபுரியும் இளைய மகனின் முகத்தை இஷாவுக்குப் பின் தொலைபேசித் திரையில் காண்பதே அவருடைய அன்றாட மகிழ்ச்சி. ஒருநாள் அழைப்பு வந்த கணத்தில் ஓர் அறிவிப்பு திரை முழுவதையும் மூடிக்கொண்டது. பளிச்சென்று ஒளிர்ந்த பொத்தானை அவர் அழுத்தினார். தொலைபேசி அணைந்தது, மீண்டும் உயிர்பெற அரைமணி நேரமாயிற்று. "நாந்தான் வாப்பா, எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்" என்று அவர் நம்மிடம் கூறி வருந்தினார்.

கெடுத்தவர் அவரல்லர். ஒரு கதவைத் தள்ளுவதா, இழுப்பதா என்று மக்கள் தடுமாறுவார்களாயின், குறை அவர்களிடம் இல்லை, கதவை வடிவமைத்தவரிடமே உள்ளது என்பதை அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-இல் வெளியிட்ட நூலில் தெளிவுபடுத்தினார். எனினும் இன்றும் முதியோர் தம்மையே நொந்துகொள்கின்றனர்.

கவனக்குறைவால் நேரும் தீங்கு ஒருபுறமிருக்க, அறிந்தே செய்யப்படுவதும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10-ஐ வெளியிட்டது. பழைய பதிப்பை வைத்திருந்தோரின் திரையில் 'மாறிக்கொள்ளுங்கள்' என்ற அழைப்பு ஓயாது தோன்றிற்று. மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடும் என்பது கணிப்பொறி பழகிய அனைவரும் அறிந்த வழக்கம். 2016 மே மாதத்திலோ, அக்குறியை அழுத்தியதே முன்குறித்த நேரத்தில் மாற்றம் நிகழ்வதற்கு அளித்த இசைவாகக் கொள்ளப்பட்டது! கண்டனங்கள் எழுந்த பின்னர், ஜூன் இறுதியில்தான் தெளிவாக மறுப்பதற்கு வழி தரப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

இத்தகைய செயலின் விளைவு எரிச்சலோடு நிற்பதன்று. மென்பொருள், ஓட்டை கண்டபோதெல்லாம் அடைக்கவேண்டிய கூரை போன்றது. அப்டேட்டுகளில் பல உண்மையிலேயே இன்றியமையாதவை. 2017 மே 12-இல் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைக்கு வந்தோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் நாளே வெளியாகியிருந்தது. அதனை நிறுவாதிருந்த கணிப்பொறிகளே சிக்கின. நிறுவாமைக்குக் காரணங்கள் பல. ஆனால் ஒன்று உறுதி: அற்ப மாற்றத்துக்கும் ஆபத்துக் காப்புக்கும் ஒரே குரலில் கூவினால், மக்கள் இரண்டையும் ஒன்றுபோலத் தள்ளிப்போடவே பழகுவர்.

பயனரை ஏமாற்றும் இவ்வகை வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் 2010-இல் 'டார்க் பேட்டர்ன்' எனப் பெயரிட்டார். நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவற்றில் 13 வகைகளை வரையறுத்துள்ளன. ஓயாமல் நச்சரிப்பதும் அவற்றுள் ஒன்று. சட்டமே பெயர் சொல்லிக் குறிக்கும் அளவுக்கு இத்தொல்லை வளர்ந்துவிட்டது.

நாம் வேண்டுவது அரிய செயலன்று. இந்த மாற்றம் எதற்காக, எவ்வளவு நேரம் பிடிக்கும், இடையில் தொலைபேசி இயங்குமா என்பவற்றை எளிய தமிழில் முன்கூட்டியே சொல்லட்டும். பாதுகாப்புத் திருத்தத்தை அலங்கார மாற்றத்தோடு கலவாதிருக்கட்டும். வீட்டார் உறங்கும் வேளையில் பணியை முடிக்கட்டும். மறுப்போர்க்கு அதனால் நேரக்கூடியதை எடுத்துரைத்து, மறுக்கவும் விடட்டும்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் மென்பொருள் எழுதி ஊதியம் பெறுகின்றனர். ஒரு பொத்தானை எங்கே வைப்பது, அதில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் மேசையருகே அவர்களும் அமர்கின்றனர். கண் மங்கிய ஒருவர் தனிமையில் அதனை அழுத்தப்போகின்றார் என்பதை அவ்வேளையில் அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.