அழுகண்ணிக்கு மழைநீர்



எங்கள் வீட்டு மாடியில் பூச்சி உண்ணும் செடிகள் இரண்டு தொட்டிகளில் வளருகின்றன. தாவரவியலார் டிரோசெரா பர்மானி என்று அழைக்கும் இச்செடியை அழுகண்ணி என்பாரும் உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே உள்ள இலைவட்டம். இலையெங்கும் மெல்லிய மயிர்கள். மயிர் நுனிதோறும் ஒரு துளி. கண்ணீர்போல் மின்னும் அத்துளி உண்மையில் பசை. சிற்றெறும்போ கொசுவோ அதில் ஒட்டிக்கொண்டால், ஓரத்து மயிர்கள் சில நொடிகளில் வளைந்து அதை மூடிவிடும்.

இச்செடி இயல்பாக வாழும் ஈர மணலில் சத்து மிகக் குறைவு. வேருக்குக் கிடைக்காத தழைச்சத்தை இலைகள் பூச்சியிலிருந்து பெற்றுக்கொள்கின்றன. இவ்வினச் செடிகளை நெடுங்காலம் ஆராய்ந்த சார்லஸ் டார்வின், பூச்சி உண்ணும் தாவரங்களைப் பற்றி 1875-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

நம் விருதுநகர்ச் சீமையின் வெயிலில் இது பிழைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். தொட்டியின் அடி நீரில் நிற்குமானால் வெயிலை இது தாங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பைத் தாங்காது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழைநீரை மூடிய குடங்களில் சேமித்து வைக்கிறேன். அது தீர்ந்த கோடையில், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்குகிறேன். மண்ணாக, பீட் பாசியும் நன்கு கழுவிய மணலும் போதும்.

இச்செடியை மெலிந்ததாகக் காண்பவர்கள், இரக்கத்தினால் ஒரு பிடி மண்புழு உரம் இடச் சொல்கிறார்கள். சிலர் இறைச்சித் துணுக்கை இலைமேல் வைக்கச் சொல்கிறார்கள். உரம் வேரைக் கருக்கிவிடும். இறைச்சி இலையை அழுகச் செய்யும். இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவை. இரண்டும் செடியைக் கொல்லக்கூடியவை.

பட்டாசு ஆலை விபத்துகளுக்குப் பின் நம் ஊர்களில் துக்கவீடுகளுக்குச் செல்லும்போது இதை நினைக்கிறேன். மகனை இழந்த தாய் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, வந்தவங்க எல்லாரும் ஏன் இப்படி நடந்ததுன்னு காரணம் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒண்ணும் பேசல. நாலு நாளும் ரெண்டு குடம் தண்ணி பிடிச்சு வச்சுட்டுப் போனா."

காரணம் சொன்னவர்களும் அன்பில்லாதவர்கள் அல்லர். ஆயினும் அந்த வேளையில் அவ்வுள்ளம் தாங்கக்கூடியது அவ்வளவே. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்னரே அவனுக்குப் பாரமானார்கள்.

இந்த வாரம் துயருற்ற ஒரு வீட்டுக்குச் செல்வீர்களானால், விளக்கங்களைச் சுமந்து செல்லாதிருங்கள். அங்கே குடம் காலியாக இருக்கிறதா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். பிறகு அருகில் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். அடுத்த வாரமும் செல்லுங்கள்.