எந்தத் தெரு?

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் யாரும் "நீ என்ன சாதி?" என்று நேராகக் கேட்பதில்லை. "சொந்த ஊரு எது தம்பி?" என்பார்கள். சொல்வோம். "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். அங்கேதான் தொண்டை அடைக்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருவைச் சொல்வதும் சாதியைச் சொல்வதும் ஒன்றுதான். அதிலும் தப்பித்தால் "குலசாமி எது?" என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்.

நான் பறையன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவன். 1994இல் ராஜபாளையத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. இரண்டு ஊருக்கும் இடையில் 10, 12 கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதே பெரிய பாடு. பிள்ளை பிறந்ததும் ராஜபாளையத்திலேயே வீடு பார்த்துவிடலாம் என்றாள் என் மனைவி.

டி.பி. மில்ஸ் ரோடு, முடங்கியாறு ரோடு, தென்காசி ரோடு என்று சைக்கிளில் அலைந்தேன். நூல் மில்லுகளை நம்பி வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிற ஊர். வீட்டுக்குப் பஞ்சமில்லை, எனக்குத்தான் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து மறுநாள் பணத்தோடு போனேன். "எங்க அக்கா மகன் வாரான் தம்பி, தப்பா நெனைக்காதீங்க" என்றார் வீட்டுக்காரர். ஆறு மாதம் கழித்தும் அந்தக் கதவில் 'வீடு வாடகைக்கு விடப்படும்' அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அக்கா மகன் வரவே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வீடு தர மறுப்பதையும் புறக்கணிப்பு என்பதற்குள் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஆனால் 'அக்கா மகன் வாரான்' என்கிற சொல்லின் மேல் எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பது? நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் நானும் பொய் சொன்னேன். 1996இல் ஒரு ஓட்டு வீடு. வாடகை 450, அட்வான்ஸ் 5000. "எந்தத் தெரு?" என்றார்கள். ஊர்க்காரர்கள் இருக்கிற ஒரு தெருவின் பெயரைச் சொன்னேன். அன்றைக்கே அம்பேத்கர் படம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அந்த மனிதருக்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரை எழுதித்தான் தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் தடியோடு வந்து விரட்டினார்கள். அவரே எழுதி வைத்திருக்கிறார். அதை நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். மாட்டுக்கறியையும் விட்டோம். பிள்ளை அழுதால்கூட மெதுவாகத் தட்டிக்கொடுத்தோம்.

1997 வந்தது. விருதுநகர் மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் ஆதிக்க சாதிக்காரர்கள் கொந்தளித்தார்கள். கலவரம் பரவியது. ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. அந்த நாட்களில்தான், ஊரில் இருக்கப் பயந்து, ஒரு துணி மூட்டையோடு எங்க அம்மா வந்து நின்றாள்.

வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷிதான். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "ஊர்ல எந்தத் தெரும்மா?" என்று கேட்டிருக்கிறாள். எங்க அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "காலனித் தெரு தாயி" என்றிருக்கிறாள். குடித்த தம்ளரை அந்த அம்மா எடுக்கவில்லை. இரண்டு நாள் திண்ணையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள், "மகளுக்குப் பிரசவம், வீடு வேணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? எங்க அம்மாவை. "ஒரு பொய் சொல்லத் தெரியாதா ஒனக்கு?" என்று கத்தினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு, கலவரம் அடங்காத ஊருக்கே திரும்பிப் போனாள்.

அப்புறம் நம் ஆட்கள் இருக்கிற பகுதியிலேயே காலம் ஓடியது. 2011இல் கடன் வாங்கி, ஊருக்கு வெளியே புதுப் பிளாட்டில் வீடு கட்டினேன். அம்மாவும் வந்துவிட்டாள். கடனை அடைக்க மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு அட்டை தொங்கவிட்டேன். வந்து பார்த்தார்கள், தண்ணீர் வசதி கேட்டார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். தெருமுனைக் கடையில் "இது யாரு வீடு?" என்று விசாரித்தவர்கள் திரும்பி வரவே இல்லை. குடியிருக்கப் போனாலும் சாதி கேட்கிறார்கள், குடிவைக்கப் போனாலும் கேட்கிறார்கள். ஏழு மாதம் மாடி காலியாகக் கிடந்தது.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். துப்புரவுப் பணிக்குப் போகிறவள், கையில் ஒரு பிள்ளை. "வீடு இருக்குன்னு போட்ருக்கே சார்" என்றாள். "சொந்த ஊரு எது?" என்றேன். சொன்னாள். "ஊர்ல எந்தத் தெரு?"

என் வாயிலிருந்துதான் வந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துச் சுவரில் மாட்டிய அம்பேத்கர் படத்துக்குக் கீழே நின்றுதான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். அவள் அருந்ததியர் என்பதும் தெரிந்துபோயிற்று. சக்கிலியருக்கு வீடு கொடுத்தால் நம்ம ஆட்களே என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் என் மனசு கணக்குப் போட்டது. மறைக்காமல் எழுதுகிறேன்.

நடையில் உட்கார்ந்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எலே, சாவிய எடுத்துக் குடு" என்றாள். அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் ஏழு வருசம் இருந்தது. அம்மா இப்போது இல்லை. 1997இல் அவளைத் திட்டியதற்கு நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. ஊரெல்லாம் என்னிடம் கேட்ட கேள்வி எந்த நாளில் என் நாக்கில் குடியேறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். வாடகையில்லாமல் குடியிருக்கிற அதை எப்படிக் காலி பண்ணவைப்பது?