ஐயோவுக்கு ஐந்து ரூபாய்

பள்ளியில், ஆங்கில வகுப்பில் வாய்தவறி 'ஐயோ' என்றதற்காக ஐந்து ரூபாய் தண்டம் கட்டியவள் நான். 2016 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதே சொல்லைச் சேர்த்துக்கொண்டது. நண்பர்கள் அதைத் தமிழுக்குக் கிடைத்த பட்டமாகவே கொண்டாடினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணவன் வீழ்ந்துகிடக்க, புலிக்கு அஞ்சி ஐயோவென்று அலறவும் துணியாத பெண்ணைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இச்சொல்லுக்கு எவர் சான்றிதழ் வேண்டும்? தவிரவும், அவ்வகராதி பதிவது நம் பேச்சையன்று. ஆங்கில எழுத்தில் அச்சொல் பதித்த தடத்தையே.

கொல்கத்தாவில் என் வீட்டு உரிமையாளர் ஒரு வங்காள மூதாட்டி. சென்ற வாரம் மழையில் நனைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். நான் 'ஐயோ' என்றேன்; அவர் 'ஓரே பாபா' என்றார். பிறகு கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.